ஊசி முனையில் விளைந்த கல்லூரி

மேரி மெக்லவுட் பெத்யூன் அம்மையாரின் வாழ்வு

கல்விக்கொடை என்றதும் நம் நினைவுக்கு வருவன செல்வர் நிறுவிய அறக்கட்டளைகளும் அரசு வழங்கும் உதவித்தொகைகளுமே. உள்ளவர் கொடுப்பதும் இல்லாதவர் பெறுவதும் நாம் கண்டு பழகிய முறை. அமெரிக்க நாட்டின் தென் கரோலினா மாநிலத்தில், பருத்திக் காட்டில் வளர்ந்த ஒரு கறுப்பினச் சிறுமிக்குக் கிடைத்த கொடை இம்முறைக்குச் சற்றே மாறானது. கொடுத்தவர் செல்வரல்லர். கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் பிறருக்கு ஆடை தைத்துக் கொடுத்து வாழ்ந்த ஒரு பெண்மணி. தம் உழைப்பில் மிச்சம் பிடித்த தொகையைக் கொண்டு, விடுதலை பெற்ற அடிமைகளின் பிள்ளைகளுள் ஒன்றை, ஒன்றையேனும், படிக்க வைத்துவிட வேண்டும் என்று அவர் விரும்பினார். அந்த ஒரு பிள்ளை ஆசிரியையாகிப் பள்ளி நிறுவியது. அப்பள்ளி கல்லூரியாக உயர்ந்து, பிறகு பல்கலைக்கழகமாயிற்று. அப்பிள்ளையே மேரி மெக்லவுட் பெத்யூன் அம்மையார் (1875–1955).

நம்மில் பலருக்குக் கைபிடித்து முதல் எழுத்தை எழுதுவித்த தொடக்கப்பள்ளி ஆசிரியரின் பெயர் இன்றும் நினைவிலிருக்கும். அந்த ஆசிரியரைப் படிக்க வைத்தவர் யார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அம்மையாரின் வாழ்வை இக்கேள்வியோடு நோக்கினால் புதியதொரு பொருள் புலப்படும்.

எழுத்து மறுக்கப்பட்ட மண்

தென் கரோலினாவில் அடிமைக்கு எழுத்தறிவிப்பது குற்றம். 1740ஆம் ஆண்டுச் சட்டம் எழுதக் கற்பிப்பதைத் தடுத்தது. 1834ஆம் ஆண்டுச் சட்டம் படிக்கக் கற்பிப்பதையும் தண்டனைக்குரியதாக்கியது. மேரியின் பெற்றோராகிய சாமுவேலும் பேட்சியும் அச்சட்டங்களின் கீழ் அடிமைகளாகப் பிறந்து வளர்ந்தவர்கள். 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை பெற்ற பின்னர், அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் மேஸ்வில் என்னும் சிற்றூரையடுத்து 5 ஏக்கர் நிலம் வாங்கிப் பருத்தி பயிரிட்டனர். அவர்களுடைய 17 பிள்ளைகளுள் 15ஆவதாக, 1875 ஜூலை 10இல், மேரி பிறந்தார். மூத்தோர் பலர் அடிமைகளாகப் பிறந்திருக்க, இவர் விடுதலைக்குப் பின் பிறந்தார்.

சட்டம் நீங்கியதால் மட்டும் எழுத்து வந்துவிடவில்லை. பள்ளி இருந்தால் ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இருந்தால் பள்ளிக்கு அனுப்பக் குடும்பத்துக்கு வசதியில்லை. சிறுமியாயிருந்தபோது வெள்ளையர் வீடொன்றுக்குத் தாயுடன் சென்ற மேரி, அங்கிருந்த புத்தகம் ஒன்றை ஆவலோடு கையிலெடுத்தார். அவ்வீட்டுப் பெண்குழந்தை, மேரிக்குப் படிக்கத் தெரியாதென்று சொல்லி, அதனைக் கீழே வைக்கச் செய்தது. இந்நிகழ்ச்சியை அம்மையார் தம் முதுமையிலும் மறவாமல் பலரிடம் எடுத்துரைத்துள்ளார். அக்குழந்தை சொன்னதில் பொய்யில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது உண்மையே. அவ்வுண்மையே அவரைச் சுட்டது.

மேரிக்குப் பத்து வயதையொட்டிய காலத்தில், பிரெஸ்பிட்டீரியன் திருச்சபையினர் விடுதலை பெற்றோருக்காக நடத்திய பள்ளி மேஸ்வில்லில் அமைந்தது. அதன் ஆசிரியை எம்மா ஜேன் வில்சன் என்னும் கறுப்பினப் பெண்மணி. வயலில் எல்லாக் கைகளும் தேவைப்பட்டமையால் அக்குடும்பம் ஒரு பிள்ளையைத்தான் பள்ளிக்கு விடமுடிந்தது. அந்த ஒருவர் மேரி. நாள்தோறும் ஏறத்தாழ 5 மைல் நடந்து சென்று, 5 மைல் நடந்து திரும்பினார். கற்றதை மாலையில் வீட்டாருக்குக் கற்பித்தார். விற்பனைக்குப் போகும் பருத்தியின் எடையையும் விலையையும் சரிபார்க்க அண்டை அயலாரும் அவரை நாடத் தொடங்கினர். கணக்குத் தெரியாமையால் ஏமாந்துகொண்டிருந்த உழவர்களுக்குப் பள்ளிச் சிறுமி ஒருத்தியின் கூட்டலும் பெருக்கலும் காவலாயின. ஆசிரியை என்னும் பெயர் வருவதற்கு முன்பே அப்பணி அவரைத் தேடி வந்துவிட்டது.

டென்வரிலிருந்து வந்த கொடை

அச்சிறு பள்ளியில் கற்க வேண்டியவற்றையெல்லாம் கற்று முடித்ததும் மேரி மீண்டும் பருத்திக் காட்டுக்கே திரும்பினார். மேற்படிப்புக்குப் பொருளில்லை. இந்நிலையில்தான் டென்வர் நகரத் தையற்கலைஞர் மேரி கிறிஸ்மன் என்பாரின் கொடை பற்றிய செய்தி வில்சன் அம்மையாரை வந்தடைந்தது. யாருக்குக் கொடுப்பது என்னும் பொறுப்பு ஆசிரியையின் கையில் இருந்தது. அவர் மேரியைத் தேர்ந்தார்.

இத்தேர்வைச் சிறிது நின்று நோக்குதல் தகும். பணம் கொடுத்தவருக்கு மேரியைத் தெரியாது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைல்களுக்கு அப்பால் இருந்தார். மேரியைத் தெரிந்தவரிடமோ பணமில்லை. இவ்விருவரும் சேர்ந்தபோதுதான் அக்கொடை கொடையாயிற்று. எம்மா வில்சன் தாமும் ஸ்கோஷியா மகளிர் கல்விக்கூடத்தில் படித்தவர். அங்கேயே தம் மாணவியையும் அனுப்பினார். தாம் ஏறி வந்த ஏணியை அடுத்தவருக்காக விட்டுவைப்பதே ஆசிரியர் செய்யக்கூடிய பேருதவி.

1888இல் மேரி வட கரோலினாவின் கன்கார்டு நகருக்குப் புறப்பட்டார். ஊர்க்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு இரயிலடிக்கு வந்து வழியனுப்பினர். காலுறை பின்னிக் கொடுத்தவர்களும், தம் கையால் உடுப்பு தைத்துத் தந்தவர்களும் அவர்களுள் உண்டு. அவர் ஒருவர் போவதை ஊரே போவதாக எண்ணிற்று.

ஸ்கோஷியாவில் அவர் கண்ட புதுமைகள் பல. அவற்றுள் பெரியது, வெள்ளை ஆசிரியைகளும் கறுப்பின ஆசிரியைகளும் அங்கு ஒருங்கே பணியாற்றியதாகும். நிறத்தால் தாழ்ந்தவரென்று தம்மைக் கருதும் வழக்கத்திலிருந்து அக்காட்சி அவரை விடுவித்தது. தொலைவிலிருந்த தையற்கலைஞரின் கொடையோடு, பள்ளியின் சமையலறையிலும் சலவைக்கூடத்திலும் தாம் செய்த வேலையும் சேர, 1894 வரை அங்குப் பயின்றார்.

மறுக்கப்பட்ட பயணம்

அவர் கொண்டிருந்த பெருங்கனவு ஆப்பிரிக்காவுக்குச் சமயப் பணியாளராகச் செல்வது. அதற்காகவே மீண்டும் உதவித்தொகை பெற்றுச் சிகாகோவில் டுவைட் மூடி நிறுவிய பயிற்சிக் கூடத்தில் ஓராண்டு பயின்றார். படிப்பு முடிந்து விண்ணப்பித்தபோது, கறுப்பினத்தவருக்கு ஆப்பிரிக்காவில் பணியிடம் இல்லை என்று திருச்சபையின் ஆட்சிக்குழு மறுத்துவிட்டது. முன்னோரின் கண்டத்துக்குச் சென்று பணியாற்ற அம்முன்னோரின் நிறமே தடையாயிற்று. தம் வாழ்வின் மிகப் பெரிய ஏமாற்றமென அம்மையார் இதனைக் கருதினார்.

ஏமாற்றத்தோடு ஊர் திரும்பியவர், தாம் பயின்ற மேஸ்வில் பள்ளியிலேயே சிறிது காலம் எம்மா வில்சனுக்குத் துணையாசிரியையாக இருந்தார். பின்னர் 1896இல் ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டா நகரில் லூசி கிராஃப்ட் லேனி அம்மையார் நடத்திய ஹெய்ன்ஸ் பள்ளியில் சேர்ந்தார். லேனி அடிமைமுறைக் காலத்தில் பிறந்து, அட்லாண்டா பல்கலைக்கழகத்தின் முதல் அணியில் பட்டம் பெற்று, பின்னர் தம் பள்ளியைத் தொடங்கியவர். ஒரு கறுப்பினப் பெண் பள்ளியைத் தாமே நிறுவி நடத்த இயலும் என்பதை மேரி அங்குக் கண்கூடாகக் கண்டார். ஆப்பிரிக்காவில் செய்ய எண்ணிய பணிக்கு அமெரிக்க மண்ணிலேயே இடமுண்டு என்னும் தெளிவும் அங்கேதான் பிறந்தது.

1898இல் ஆல்பர்ட்டஸ் பெத்யூன் என்பவரை மணந்தார். அடுத்த ஆண்டு மகன் பிறந்தான். குடும்பம் ஃபுளோரிடா மாநிலத்துப் பலாட்காவுக்குக் குடிபெயர்ந்தது. அங்குச் சிறு பள்ளி ஒன்றை நடத்தியும் காப்பீடு விற்றும் காலம் கழித்தார். இல்வாழ்வு இனிதாக அமையவில்லை. 1907இல் கணவர் பிரிந்து சென்றார். அதற்கு முன்பே அம்மையார் தம் வழியைத் தேர்ந்துவிட்டிருந்தார்.

ஒன்றரை டாலர்

ஃபுளோரிடாவின் கிழக்குக் கரையோரம் இருப்புப்பாதை அமைக்கப்பட்டு வந்த காலம் அது. அவ்வேலைக்கு வந்த கறுப்பினத் தொழிலாளரின் பிள்ளைகள் பள்ளியின்றித் திரிந்தனர். அவர்களுக்காக டேட்டோனா நகரில், 1904 அக்டோபர் 3ஆம் நாள், வாடகை வீடொன்றில் அம்மையார் பள்ளி தொடங்கினார். கையிலிருந்த முதல் ஒன்றரை டாலர். மாணவியர் 5 சிறுமியர். அவர்களோடு அவருடைய மகனும். கிழமைக்கு அரை டாலர் கட்டணம் என்று வகுத்தாலும், கொடுக்க இயலாதவர் எவரையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை. பழைய பெட்டிகள் மேசையாகவும் நாற்காலியாகவும் ஆயின. கரிந்த விறகுத் துண்டு பென்சிலாயிற்று. எல்டர் என்னும் காட்டுச்செடியின் கனிகளைப் பிழிந்த சாறு மையாயிற்று. இல்லாத பொருளைப் பற்றிப் புலம்பாமல், இருக்கும் பொருளுக்குப் புதுப் பயன் காணும் ஆற்றல் அவரிடம் மிகுந்திருந்தது.

சர்க்கரைவள்ளிக் கிழங்கை வைத்துப் பணியாரம் சுட்டு இருப்புப்பாதைத் தொழிலாளருக்கு விற்றார். அவ்வருவாயில், நகரத்தார் குப்பை கொட்டிய சதுப்பு நிலமொன்றுக்கு முன்பணம் கட்டினார். அந்நிலத்தில் 1907இல் எழுந்த முதற்கட்டடத்துக்கு நம்பிக்கை மண்டபம் எனப் பெயரிட்டார். குளிர்காலத்தில் டேட்டோனாவுக்கு வந்து தங்கும் வடநாட்டுச் செல்வர்களை நேரில் கண்டு பொருள் கேட்டார். சிறுமியரைத் தங்குவிடுதிகளுக்கு அழைத்துச் சென்று பாடச் செய்தார். சோப்பு வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய ஜேம்ஸ் கேம்பிள் பள்ளியின் அறங்காவலர் குழுவுக்குத் தலைவரானார். தையல் இயந்திரத் தொழிலதிபர் தாமஸ் ஒயிட்டும் பெரிதும் உதவினார். தையற்கலைஞர் ஒருவரின் ஊசியால் கல்வி பெற்றவரின் பள்ளிக்குத் தையல் இயந்திரத்தின் செல்வம் வந்து சேர்ந்ததை வரலாற்றின் விந்தை எனலாம்.

இம்முறை குறைகூறலுக்கு இடமளித்தது. வெள்ளைச் செல்வரின் தயவை நாடுவதும், சமையலும் தையலும் துணிவெளுப்பும் கற்பிப்பதும் கறுப்பினப் பெண்களை ஏவற்பணிக்கே பழக்கும் என்று கருதியோர் உண்டு. அக்கருத்தை முற்றிலும் புறந்தள்ளுவதற்கில்லை. கொடையாளர் விரும்புவதைக் காட்டித்தான் அவர் பொருள் திரட்ட வேண்டியிருந்தது. ஆயினும், கைத்தொழிலைக் காட்டித் திரட்டிய பணத்தில் அவர் இலக்கியமும் கணக்கும் அறிவியலும் கற்பித்தார். நாளடைவில் ஆசிரியப் பயிற்சியையும் செவிலியர் பயிற்சியையும் சேர்த்தார். கறுப்பினத்தவருக்கு இடமளிக்காத மருத்துவமனைகளுக்கு மாற்றாக 1911இல் தாமே ஒரு மருத்துவமனையும் கண்டார்.

1920இல் பெண்கள் வாக்குரிமை பெற்றதும், கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவு செய்யத் தூண்டினார். எழுத்தறிவுத் தேர்வைக் காட்டி அவர்களை விலக்க முற்பட்டவர்களுக்கு விடையாக முதியோருக்கு இரவில் எழுத்துக் கற்பித்தார். முகமூடியணிந்த கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தார் பள்ளி வளாகத்துக்கு வந்து அச்சுறுத்தினர். அவர் அசையவில்லை. தேர்தல் நாளில் தம் மக்களை வாக்குச்சாவடிக்கு அழைத்துச் சென்றார்.

பெற்றது பெருகியது

1923இல் இப்பள்ளி, ஜாக்சன்வில் நகரில் 1872இல் தோன்றிய குக்மன் கல்விக்கூடத்துடன் இணைந்தது. 1931இல் பெத்யூன்–குக்மன் கல்லூரி என்னும் பெயர் பெற்றது. 1941இல் நான்காண்டுப் பட்டப்படிப்புக்கு மாநிலக் கல்வித்துறையின் ஒப்புதல் கிடைத்தது. அப்பட்டப்படிப்பின் இரு கிளைகளுள் ஒன்று ஆசிரியக் கல்வி. 5 சிறுமியருக்கு எழுத்தறிவித்த இடம், எழுத்தறிவிப்போரை உருவாக்கும் இடமாக 37 ஆண்டுகளில் வளர்ந்துவிட்டது.

குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் ஆட்சியில், தேசிய இளைஞர் நிருவாகத்தின் கறுப்பின மக்கள் பிரிவுக்கு 1936 முதல் அம்மையார் பொறுப்பேற்றார். பொருளாதார வீழ்ச்சியால் பள்ளியையும் கல்லூரியையும் விட்டு நீங்கும் நிலையிலிருந்த மாணவருக்குப் பகுதிநேர வேலை தந்து, அதற்குரிய ஊதியத்தால் படிப்பைத் தொடரச் செய்தது அவ்வமைப்பு. கறுப்பின மாணவருக்கு உரிய பங்கு மறுக்கப்படாதிருக்க அவர் இடைவிடாது வாதாடினார். உயர்படிப்புக்கெனத் தனி நிதியொன்றும் அமைந்தது. அதனை வழங்கும் பொறுப்பு அவர் கைக்கே வந்தது. ஐம்பதாண்டுகளுக்கு முன் யாருக்குக் கொடுப்பதென்று மேஸ்வில்லில் எம்மா வில்சன் ஒரு பெயரைச் சொன்னார். இப்போது அவர் மாணவி வாஷிங்டனில் அமர்ந்து ஆயிரக்கணக்கானோரின் படிப்புக்கு ஒப்பமிட்டார். அவ்வமைப்பு நிறப்பிரிவினையை ஒழிக்கவில்லை. பல மாநிலங்களில் அப்பிரிவினைக்கு உட்பட்டே இயங்கியது. எனினும், அவ்வேலியினுள் இருந்துகொண்டே எத்தனை பேரைக் கரையேற்ற முடியுமோ அத்தனை பேரை அவர் ஏற்றினார். 1935இல் கறுப்பினப் பெண்களின் தேசியப் பேரவையைத் தோற்றுவித்தார். 1944இல் கறுப்பினக் கல்லூரிகளுக்கான ஐக்கிய நிதி தொடங்கப்பட்டபோது அதிலும் துணைநின்றார்.

1952இல் லைபீரிய நாட்டுக் குடியரசுத் தலைவரின் பதவியேற்பு விழாவுக்கு அமெரிக்க அரசின் சார்பாளருள் ஒருவராகச் சென்றார். ஆப்பிரிக்காவில் இடமில்லை என்று இளமையில் மறுக்கப்பட்டவர், 76ஆம் வயதில் அம்மண்ணில் கால் வைத்தார். 1954 மே 17இல் பள்ளிகளில் நிறப்பிரிவினை கூடாதென அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததைக் கண்டார். ஓராண்டும் ஒரு நாளும் கழித்து, 1955 மே 18இல், டேட்டோனாவில் மறைந்தார். அவர் தம் மக்களுக்கென எழுதிவைத்த உயிலில் பொருளும் நிலமும் இல்லை. அன்பு, நம்பிக்கை, கல்வி வேட்கை முதலியவற்றையே சொத்தாக விட்டுச் சென்றார். அக்கல்லூரி வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

முடியாத கடன்

அவர் கண்மூடிய பின் நடந்த ஒன்று நம் சிந்தனைக்குரியது. அத்தீர்ப்பைத் தொடர்ந்து பள்ளிகள் இணைக்கப்பட்டபோது, கறுப்பினக் குழந்தைகள் வெள்ளையர் பள்ளிகளுக்குச் சென்றனர். கறுப்பின ஆசிரியர்கள் பலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். 1954க்கும் 1965க்கும் இடையில் தென் மாநிலங்களிலும் அவற்றின் எல்லை மாநிலங்களிலுமாக 17 மாநிலங்களில் ஏறத்தாழ 38,000 பேர் வேலையிழந்தனர் என்று கணக்கிட்டுள்ளனர். எம்மா வில்சன், லூசி லேனி, பெத்யூன் ஆகியோர் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய ஆசிரியர் மரபு, நீதி கிடைத்த அந்நேரத்திலேயே அறுபட்டது. அதன் இழப்பு நெடுங்காலம் உணரப்படவில்லை. வட கரோலினா மாநிலக் கறுப்பின மாணவரை ஆராய்ந்த பொருளியலறிஞர்கள் 2017இல் ஒரு முடிவை வெளியிட்டனர். மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்புவரை ஓராண்டேனும் கறுப்பின ஆசிரியர் ஒருவரிடம் பயின்ற பிள்ளைகளிடையே, படிப்பை இடையில் நிறுத்துவது குறைந்திருந்தது. மிக வறிய குடும்பத்து ஆண்பிள்ளைகளிடம் அப்பயன் மிகுதியாக இருந்தது.

எனவேதான், தொடக்கப்பள்ளி ஆசிரியராக விரும்பும் இளையோருக்கென உதவித்தொகை வழங்கும் முயற்சிகள் அந்நாட்டில் மீண்டும் எழுந்துள்ளன. தென் கரோலினாவில் கறுப்பின ஆண்கள் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களாக மிக அரிதாகவே இருந்தமையால், கிளெம்சன் பல்கலைக்கழகமும் மூன்று கறுப்பினக் கல்லூரிகளும் 2000ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தைத் தொடங்கின. படிப்புக்கு உதவி பெறுவோர், பெற்ற ஒவ்வோராண்டுக்கும் ஓராண்டு அம்மாநிலப் பொதுப்பள்ளியில் கற்பிக்க வேண்டும் என்பது அதன் நெறி. அம்மூன்று கல்லூரிகளுள் ஒன்றாகிய மாரிஸ் கல்லூரி சம்டர் நகரிலுள்ளது. மேரி 5 மைல் நடந்து பள்ளிக்குச் சென்ற மேஸ்வில்லும் அதே சம்டர் மாவட்டத்து ஊர்தான்.

ஆசிரியருக்கு ஆகப்போகிறவருக்குக் கொடுக்கும் கொடைக்கும் பிற கொடைகளுக்கும் உள்ள வேற்றுமை இங்கு விளங்கும். பசித்தவருக்கு இட்ட உணவு ஒருவர் பசியைத் தீர்க்கும். ஆசிரியராகப் போகிறவருக்குத் தந்த படிப்பு, அவர் முன் வந்து அமரும் ஒவ்வொரு வகுப்பாலும் பெருகும். அக்கடனைக் கொடுத்தவரிடம் திருப்பிச் செலுத்த முடியாது. அடுத்து வருபவரிடமே செலுத்த முடியும். பெத்யூன் அம்மையாரின் அறுபதாண்டு உழைப்பும் இக்கடனைத் தீர்க்க முயன்ற வரலாறே.

2022இல், ஃபுளோரிடா மாநிலத்தின் சார்பில் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் சிலைக்கூடத்தில் அவருடைய பளிங்குச் சிலை நிறுவப்பெற்றது. அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்னகப் படையின் தளபதி ஒருவருக்கு முன்பு அம்மாநிலம் அளித்திருந்த இடம் அது. அக்கூடத்தில் ஒரு மாநிலத்தின் சார்பாக நிற்கும் முதல் கறுப்பின அமெரிக்கர் பெத்யூன் அம்மையாரே.

டென்வர் நகரத் தையற்கலைஞருக்கு அக்கூடத்தில் சிலையில்லை. அவர் பெயரின் எழுத்துகளைக்கூட நூல்கள் ஒரே சீராக எழுதவில்லை. ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு வகையாக எழுதுகிறது. சொல்லையே செல்வமாகக் கொண்ட நம் வட்டத்துக் கவிஞர்கள், தாம் எழுதும் சொல்லை முதன்முதலில் தமக்குக் கற்பித்தவரை நினைக்கும்போது, அவருக்குப் பின்னால் பெயர் தெரியாமல் நிற்கும் ஒரு தையற்காரியையும் நினைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.